தீ பொறுப்பதில்லை... அறிக்கை பொறுத்திருக்கிறது!

1861-ஆம் ஆண்டு ஜூன் 22, சனிக்கிழமை. லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டூலி வீதியில் ஒரு கிடங்கிலிருந்து புகை கிளம்பியது. சணல், பஞ்சு, கொழுப்பு, சர்க்கரை, தேயிலை, வெடியுப்பு என்று பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கெல்லாம் ஒரே வரிசைக் கிடங்குகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தீ தாவாமல் இருக்க இரும்புக் கதவுகள் போட்டிருந்தார்கள். ஆனால், அன்று அந்தக் கதவுகள் திறந்தே கிடந்தன.

தீயணைப்புப் படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். எடின்பரோ நகரில் 24 வயதிலேயே தீயணைப்புப் படைத் தலைவரானவர். 1833 முதல் லண்டனில் பணியாற்றியவர். புகைக்குள் நுழைந்து, தீயின் வேரில் தண்ணீரை அடிக்க வேண்டும் என்று தம் ஆட்களைப் பழக்கியவர். அன்று மாலை ஏழரை மணி அளவில், களைத்துப் போயிருந்த தம் ஆட்களுக்கு ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிடங்கின் சுவர் அப்படியே சரிந்து அவர்மேல் விழுந்தது. இடிபாடுகளிலிருந்து அவருடைய உடலை எடுக்க இரண்டு நாள் ஆனது. தீ முழுவதுமாக அடங்க இரண்டு வாரம் ஆனது. இழப்பு ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு.

இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளத்துக்கு நீண்டது. தேவாலய மணிகள் ஒலித்தன. கடைகள் மூடப்பட்டன. ஒரு மன்னருக்குரிய மரியாதை என்றே சொல்லலாம்.

இத்தனை பெரிய மாநகரில் பிரெய்ட்வுட்டுக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம் அல்ல என்பதுதான் இதில் வியப்புக்குரிய செய்தி. அவருடைய படை, காப்புறுதி நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்திய தனியார் படை. தொடங்கியபோது 19 நிலையங்கள், 80 ஆட்கள். உலகத்திலேயே பெரிய நகரம், உலக வாணிபத்தின் தலைநகரம் என்றெல்லாம் பெருமை பேசிய லண்டனைத் தீயிலிருந்து காத்தது, நட்டக் கணக்குப் பார்க்கும் வணிகர்கள் வைத்த ஆட்கள். 1834-இல் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து சாம்பலான பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சுவர் எதுவும் தடுக்காத மாபெரும் கிடங்குகளில் தீப் பிடித்தால் அதை அணைக்கும் சக்தி லண்டனில் யாருக்கும் இல்லை என்று பிரெய்ட்வுட் பல ஆண்டுகளாகவே எச்சரித்து வந்தார். எழுதியும் கொடுத்தார். எச்சரித்தவரே அப்படிப்பட்ட தீயில் மாண்டார்.

நான்கரை ஆண்டுக் காத்திருப்பு

டூலி வீதித் தீக்குப் பிறகு காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தைக் கண்டபடி உயர்த்தின. 1862-இல் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதி, இனிமேல் லண்டனைக் காப்பது எங்கள் வேலை அல்ல என்று கையை விரித்துவிட்டன. அந்தக் கடிதம்தான் அரசாங்கத்தை அசைத்தது. பிரெய்ட்வுட்டின் மரணத்துக்கு அசையாத நாற்காலிகள், கணக்குப் புத்தகம் மூடப்பட்டபோது அசைந்தன.

நாடாளுமன்றத் தேர்வுக்குழு அமைக்கப்பட்டது. குழு 1862-இல் அறிக்கை கொடுத்தது. பொதுப் பணத்தில் நடக்கும் தீயணைப்புப் படை வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. யார் கையில் அதை ஒப்படைப்பது, பணத்தை யார் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. சட்டம் வந்தது 1865-இல். படை பணியைத் தொடங்கியது 1866 ஜனவரி 1-ஆம் தேதி. கடைசியில் செலவு மூன்று பேர் தலையில் வைக்கப்பட்டது. வீட்டு வரியில் பவுண்டுக்கு அரை பென்னி. காப்புறுதி நிறுவனங்கள், தாங்கள் காப்புறுதி செய்த ஒவ்வொரு 10 லட்சம் பவுண்டுக்கும் 35 பவுண்டு. அரசாங்கம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு.

ஒரு தலைவர் இறந்த நாளிலிருந்து, அவர் வேலையை அரசாங்கம் தன் வேலையாக ஏற்றுக்கொண்ட நாள் வரை நான்கரை ஆண்டு. இன்றைய கணக்கில் இது வேகம் என்றே சொல்லத் தோன்றும். காரணம், பின்னால் வந்தவை இதைவிட மெதுவாக நடந்தன.

அறிக்கை வந்தது, சட்டம் வரவில்லை

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1921-இல், தீயணைப்புப் படைகளையும் தீத்தடுப்பையும் ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1923-இல் அறிக்கை வெளிவந்தது. அப்போது பிரிட்டனில் ஊருக்கு ஒரு படை. சில ஊர்களில் நல்ல படை, சில ஊர்களில் பெயருக்கு ஒரு படை, சில ஊர்களில் அதுவும் இல்லை. தீயணைப்புப் படை வைத்திருக்க வேண்டும் என்று ஊராட்சிகளைக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டமே கிடையாது. ஆணையம் சொன்னது அப்படியே கிடப்பில் போடப்பட்டது.

1935-இல் ரிவர்டேல் பிரபு தலைமையில் மீண்டும் ஒரு குழு. 1936-இல் மீண்டும் ஓர் அறிக்கை. இந்த முறை வானில் போர் விமானங்களின் நிழல் தெரிந்தது. எனவே 1938-இல் சட்டம் வந்தது. தீயணைப்பு என்பது ஊராட்சியின் கட்டாயக் கடமை, அதற்குத் தனியாகக் காசு கேட்கக்கூடாது என்று அப்போதுதான் எழுதி வைத்தார்கள். 1923-க்கும் 1938-க்கும் இடையில் பதினைந்து ஆண்டு. அடுத்த ஆண்டே போர்.

அந்தப் பதினைந்து ஆண்டு தாமதத்தின் விலை குண்டுவீச்சில் தெரிந்தது. நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட தனித்தனிப் படைகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகைக் கருவி, ஒவ்வொரு வகைப் பதவிப் பெயர், ஒவ்வொரு அளவுக் குழாய். 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு கொவென்ட்ரி நகரம் எரிந்தபோது, பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கு ஓடி வந்த வண்டிகளின் குழாய்கள் அந்நகரத்து நீர்க்குழாய் வாய்களில் பொருந்தவில்லை. ஆள் இருக்கிறார், வண்டி இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது; இரண்டையும் இணைக்கும் வளையம் அளவு மாறிப் போயிருக்கிறது! ஓர் அறிக்கையைப் படிக்காமல் வைத்திருப்பதன் பொருளை விளக்க இதைவிட வேறு காட்சி வேண்டியதில்லை.

1941 ஆகஸ்டில் எல்லாப் படைகளும் ஒன்றாக்கப்பட்டு தேசிய தீயணைப்புப் படை உருவானது. இருபது ஆண்டாக முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் சில மாதங்களில் முடிந்தது. ஹெர்பர்ட் மோரிசன் அப்போது உள்துறை அமைச்சர். போர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று ஊராட்சிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1948 ஏப்ரலில் அப்படியே படைகள் மீண்டும் உள்ளூர் நிர்வாகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால், இந்த முறை எண்ணிக்கை 150-க்குள் அடங்கியது.

நம் நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தி. மலேசியாவின் தீயணைப்பு வரலாறு 1883-இல் சிலாங்கூரில் எச்.எஃப். பெல்லாமி என்ற ஆங்கிலேயர் நடத்திய தொண்டூழியப் படையிலிருந்து தொடங்குகிறது. விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகவே இத்துறை இயங்கியது. 1976 ஜனவரி 1-ஆம் தேதி அது கூட்டரசின் கீழ் ஒரே துறையானது. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் கேம்பல் வணிக வளாகம் எரிந்தது. பிரிட்டன் 1941-இல் செய்து 1948-இல் கைவிட்டதை நாம் செய்து, கைவிடாமல் வைத்துக்கொண்டோம். 1988-இல் தீயணைப்புப் பணிகள் சட்டமும் வந்தது. எது சிறந்தது என்பது தனி விவாதம். தேசியப் படையாக இருந்தால் மட்டும் தாமதம் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் குழாய் பொருந்தாத கதை மட்டும் வராது.

சம்பளமும் ஆய்வும்

1967-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தீயணைப்புத் துறை முழுவதையும் ஆராய ஹோல்ராய்டு குழுவை அமைத்தது. 1970-இல்தான் அறிக்கை வந்தது. அதற்குள், 1969-ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு மறுநாள் சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூரில் ஒரு தங்கும் விடுதி எரிந்து 11 பேர் மாண்டார்கள். 1971-இல் தீத்தடுப்புச் சட்டம் பிறந்தது. விடுதிகளுக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயமானது. அறிக்கையை விடத் தீயே சட்டத்தை வேகமாகக் கொண்டு வருகிறது என்பதற்கு இது இன்னோர் எடுத்துக்காட்டு.

தாமதம் என்றால் எப்போதும் அறிக்கை தூங்குவது மட்டும் அல்ல. சில நேரங்களில் ஆய்வு என்பதே ஒரு கேடயம். 2002-இல் பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் ஆண்டுக்கு 30,000 பவுண்டு சம்பளம் கேட்டார்கள். அப்போது அவர்கள் வாங்கியது ஏறத்தாழ 21,500. நாற்பது விழுக்காடு உயர்வு என்பது பெரிய கோரிக்கைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அரசாங்கம் செப்டம்பரில் பேராசிரியர் சர் ஜார்ஜ் பெய்ன் தலைமையில் சுயேச்சை ஆய்வு ஒன்றை அறிவித்தது. அறிக்கை வரட்டும், பேசலாம் என்றது. தொழிற்சங்கமோ, இது எங்கள் கோரிக்கையைத் தள்ளிப் போடும் வழி என்று சொல்லி, ஆய்வுக் குழுவிடம் சாட்சியம் கொடுக்கவே மறுத்தது.

நவம்பர் 13-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. 1977-க்குப் பிறகு அது முதல் நாடு தழுவிய வேலைநிறுத்தம். இராணுவ வீரர்கள் பச்சை நிற வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ‘பச்சைத் தேவதை’ என்று மக்கள் அழைத்த அந்த வண்டிகள் 1950-களில் தயாரிக்கப்பட்டவை. அணுகுண்டுப் போர் வந்தால் பயன்படும் என்று சேமித்து வைத்தவை! ஐம்பது ஆண்டுப் பழைய வண்டியை வெளியே எடுத்துத்தான் ஒரு வல்லரசு தன் மக்களைக் காக்க வேண்டியிருந்தது.

பெய்ன் அறிக்கை டிசம்பர் 16-ஆம் தேதி வந்துவிட்டது. மூன்றே மாதம். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், வேகமான ஆய்வையும் யாரும் நம்பவில்லை. சம்பள உயர்வு இரண்டு ஆண்டில் 11 விழுக்காடு, அதற்குப் பதிலாக வேலைமுறை மாற வேண்டும் என்றது அறிக்கை. முடிவு முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று வீரர்கள் சொன்னார்கள். 2003 ஜூனில் ஒருவழியாக உடன்பாடு கையெழுத்தானது. மூன்று தவணையில் 16 விழுக்காடு.

இங்கேதான் இன்னொரு முடிச்சு. இரண்டாம் தவணையான 7 விழுக்காடு 2003 நவம்பரில் கிடைக்க வேண்டும். கிடைத்தது பாதிதான், மூன்றரை விழுக்காடு. வேலைமுறை மாற்றங்கள் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று தணிக்கை ஆணையம் பார்த்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் மிச்சம் என்றார்கள். தணிக்கை ஆணையம் நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து முடிக்க மாதங்கள் வேண்டும். பல நிலையங்களில் வீரர்கள் தாங்களாகவே வேலையை நிறுத்தினார்கள். அவசர அழைப்பு வந்தால் மட்டும் போவோம், மற்ற வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். கையெழுத்துப் போட்ட சம்பளத்தைக் கையில் வாங்க ஓர் ஆய்வு முடிய வேண்டும் என்றால், எந்தத் தொழிலாளிக்குத்தான் கோபம் வராது? 2004-இல்தான் அந்தச் சச்சரவு ஓய்ந்தது.

வேலைமுறை மாற்றம் என்ற பெயரில் அதே காலத்தில் தொடங்கிய ஒரு திட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அவசர அழைப்புகளை எடுக்கும் உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைகளை மூடிவிட்டு, இங்கிலாந்து முழுவதற்கும் ஒன்பது பெரிய நிலையங்கள் கட்டுவது என்பது திட்டம். 2004-இல் தொடக்கம். தாமதத்துக்கு மேல் தாமதம். 2010 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. குறைந்தது 46 கோடியே 90 லட்சம் பவுண்டு விரயம் என்று தேசிய தணிக்கை அலுவலகம் 2011-இல் கணக்குச் சொன்னது. சம்பளத்துக்கு இல்லாத பணம் இதற்கு இருந்தது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 1971 சட்டப்படி தீயணைப்புத் துறை கட்டடத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த முறை 2006 அக்டோபரோடு முடிந்தது. கட்டடத்துக்குப் பொறுப்பானவரே தம் கட்டடத்தின் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்ற புதிய முறை வந்தது. தீயணைப்புப் படைகளைக் கண்காணித்து வந்த பழைய ஆய்வாளர் அமைப்பும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓரளவு வேலை பார்த்த தணிக்கை ஆணையமும் 2015-இல் மூடப்பட்டது. பார்ப்பவர் இல்லாத வீட்டில் குறை எப்படித் தெரியும்?

ஆறு உயிர், ஒரு கடிதம்

2009 ஜூலை 3. தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் உள்ள லாக்கனல் ஹவுஸ் என்ற 14 மாடிக் குடியிருப்பு. ஒன்பதாவது மாடியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகித் தீப் பிடித்தது. ஜன்னலுக்குக் கீழே பொருத்தியிருந்த வெளிப்புறப் பலகைகள் வழியாகத் தீ மேலே ஏறியது. மூன்று பெண்கள், மூன்று குழந்தைகள். ஆறு பேர் இறந்தார்கள். குழந்தைகளில் ஒன்று பிறந்து மூன்றே வாரம் ஆன சிசு. இறந்தவர்களில் ஒருவர் அவசர உதவி எண்ணில் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குள்ளேயே இருங்கள், வருகிறோம் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

‘உள்ளேயே இருங்கள்’ என்பது பைத்தியக்காரத்தனமான அறிவுரை அல்ல. அடுக்குமாடி ஒவ்வொன்றும் கான்கிரீட் பெட்டி. ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்கும். எல்லாரும் ஒரே படிக்கட்டில் இறங்கினால் வீரர்கள் மேலே ஏற முடியாது. இதுதான் அந்தக் கொள்கையின் அடிப்படை. கட்டடம் சரியாக இருக்கும்வரை அது சரி. வெளிச்சுவரில் எரியும் பலகையை ஒட்டிவிட்டால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும். லாக்கனல் ஹவுஸ் சொன்ன பாடம் இதுவே. அந்தக் கட்டடத்துக்குத் தீ ஆபத்து மதிப்பீடு அதுவரை செய்யப்படவே இல்லை என்பதும் பிறகு தெரியவந்தது.

மரண விசாரணை தொடங்கியது 2013 ஜனவரியில். மூன்றரை ஆண்டு கழித்து. மார்ச் 28-ஆம் தேதி விசாரணை அதிகாரி பிரான்சிஸ் கிர்க்கம், அன்றைய சமூகத்துறை அமைச்சர் எரிக் பிக்கிள்சுக்குக் கடிதம் எழுதினார். கட்டடங்களுக்கான தீப் பாதுகாப்பு வழிகாட்டி குழப்பமாக இருக்கிறது, அதைத் தெளிவாகத் திருத்த வேண்டும். உயரமான பழைய கட்டடங்களில் தானியங்கி நீர்த்தெளிப்பான் பொருத்த உரிமையாளர்களை ஊக்குவிக்க வேண்டும். லண்டன் தீயணைப்புப் படைக்கும் தனியே எழுதினார். உள்ளே சிக்கியவரோடு தொலைபேசியில் பேசும் முறை, களத்தில் முடிவெடுக்கும் அதிகாரிகளின் பயிற்சி ஆகியவை பற்றிக் கேள்வி எழுப்பினார்.

அமைச்சர் மே மாதம் பதில் எழுதினார். வழிகாட்டி திருத்தப்படும், 2016-17 ஆண்டில் புதிய பதிப்பு வரும் என்றார். அதாவது, மூன்று நான்கு ஆண்டு கழித்து. தீப் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று அமைச்சர்களுக்கு மாற்றி மாற்றிக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. அமைச்சர்கள் மாறினார்கள். பதில் மாறவில்லை. 2017 பிப்ரவரியில் லாக்கனல் ஹவுஸ் வழக்கில் சதர்க் நகராண்மைக்கு அபராதமும் செலவுமாக 5 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு விதிக்கப்பட்டது. தீப் பிடித்து ஏழரை ஆண்டு ஆகியிருந்தது. வழிகாட்டி அப்போதும் திருத்தப்படவில்லை.

நான்கு மாதம் கழித்து கிரென்ஃபெல் எரிந்தது.

இரவு 12.54

2017 ஜூன் 14. மேற்கு லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரம். நள்ளிரவு தாண்டி 12.54-க்கு முதல் அழைப்பு. நான்காவது மாடியில் ஒரு குளிர்பதனப் பெட்டியில் தீ. 12.59-க்கு முதல் வண்டி வந்துவிட்டது. ஐந்தே நிமிடம். இதில் யாரும் தாமதிக்கவில்லை. ஆனால், புதுப்பிப்பு என்ற பெயரில் கட்டடத்தின் வெளியே ஒட்டப்பட்டிருந்த அலுமினியப் பலகைகளின் நடுவில் இருந்தது எரியும் பிளாஸ்டிக். 1.27-க்குத் தீ உச்சியைத் தொட்டுவிட்டது. ‘உள்ளேயே இருங்கள்’ என்ற அறிவுரை களத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது 2.47-க்கு. 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே அதை மாற்றியிருக்க வேண்டும் என்று பிறகு விசாரணை கூறியது. மொத்தம் 72 உயிர். அந்தக் கோபுரத்தில் வாழ்ந்த 37 மாற்றுத்திறனாளிகளில் 15 பேர் இறந்தார்கள்.

மறுநாளே பிரதமர் தெரேசா மே பொது விசாரணையை அறிவித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி சர் மார்டின் மூர்-பிக் தலைமை. முதல் பகுதி அன்றிரவு நடந்தது பற்றி. அது வந்தது 2019 அக்டோபர் 30-இல். இரண்டாம் பகுதி, அந்தப் பலகைகள் அங்கே எப்படி வந்தன என்பது பற்றி. அது வந்தது 2024 செப்டம்பர் 4-இல். ஏழு தொகுதி, ஏறத்தாழ 1,700 பக்கம்.

வரிசை மாறிவிட்டது என்ற குறை இங்கே எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. புகைக்குள் ஏறிச் சென்றவர்கள் முதலில் கூண்டில் நின்றார்கள். பலகையைத் தயாரித்தவர்களும் விற்றவர்களும் ஒட்டியவர்களும், சட்டத்தைத் திருத்தாமல் விட்டவர்களும் இரண்டாம் பகுதிக்குக் காத்திருந்தார்கள். அதே நேரத்தில், வீரர்களின் துணிவைச் சொல்லி நிர்வாகத்தின் பிழையை மூடிவிடவும் முடியாது. லாக்கனல் ஹவுஸின் பாடங்களை லண்டன் தீயணைப்புப் படை தன் கட்டுப்பாட்டு அறைக்கும் அதிகாரிகளுக்கும் முறையாகக் கொண்டு சேர்க்கவில்லை என்பதை விசாரணை வெளிப்படையாகவே சொன்னது. 2019 டிசம்பரில் வந்த ஆய்வாளர்களின் அறிக்கையும், கிரென்ஃபெலுக்குப் பிறகும் அந்தப் படை மாறுவதில் மெதுவாகவே இருக்கிறது என்றது. படைத் தலைவர் டேனி காட்டன் அந்த மாதமே பதவியை விட்டு விலகினார்.

அந்த ஆய்வாளர் அமைப்பே புதிதாகப் பிறந்த குழந்தை. பழையதைக் கலைத்து, இடையில் ஆண்டுகளை வெறுமையாக விட்டு, 2017-இல்தான் காவல்துறை ஆய்வகத்தோடு தீயணைப்பையும் சேர்த்தார்கள். லண்டன் படை அதன் முதல் முழு ஆய்வைச் சந்தித்தபோது கிரென்ஃபெல் எரிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்டினார்கள்.

விசாரணை நீண்டது வீண் என்று சொல்லிவிட முடியாது. நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள், சோதனையில் தோற்ற பலகைகளை மறைத்த கதைகள் ஆகியவை அவசரமாக முடித்திருந்தால் வெளியே வந்திருக்காது. பெய்ன் ஆய்வு மூன்று மாதத்தில் முடிந்து நம்பிக்கையை இழந்தது. கிரென்ஃபெல் விசாரணை ஏழு ஆண்டு நடந்து நம்பிக்கையைப் பெற்றது. ஆனால், அதற்கும் விலை உண்டு. குற்றவியல் விசாரணை நடத்தும் லண்டன் காவல்துறை, பொது விசாரணையின் இறுதி அறிக்கையைப் படித்துத் தன் சான்றுகளோடு ஒப்பிட வேண்டும் என்றது. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்ற முடிவு 2026-ஆம் ஆண்டின் இறுதிக்குள் வரக்கூடும் என்று 2024-இல் அறிவித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒன்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

முதல் பகுதி அறிக்கையில் ஒரு பரிந்துரை உண்டு. தாமாகப் படியிறங்க முடியாதவர்களுக்கு, தீ வந்தால் எப்படி வெளியேறுவது என்று ஆளுக்கு ஒரு திட்டம் கட்டட உரிமையாளர் எழுதி வைக்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும். 2019-இல் சொல்லப்பட்டது. ஏற்கிறோம் என்றது அரசாங்கம். 2022-இல், செலவு அதிகம், நடைமுறைக்கு ஒத்துவராது என்று பின்வாங்கியது. குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகளும் விடவில்லை. 2025-இல் விதிகள் இயற்றப்பட்டன. அவை நடைமுறைக்கு வர நிர்ணயிக்கப்பட்ட நாள் 2026 ஏப்ரல் 6. கிரென்ஃபெலில் சக்கர நாற்காலியோடு மேல் மாடியில் காத்திருந்தவர்களுக்கு எழுதப்பட்டிருக்க வேண்டிய தாள் அது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 14-ஆம் தேதி மாலையில், அந்தக் குடும்பங்கள் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மௌனமாக நடக்கின்றன. தீயணைப்பு வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். நடப்பவர்களில் சிலர் வரிசையை விட்டு விலகிப் போய் அவர்களைக் கட்டித் தழுவிவிட்டு மீண்டும் நடக்கிறார்கள்.